தமிழில் ஒரு பால்புதுமையினர் வாழ்வியல் சஞ்சிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று கொழும்பில் சிதறி வாழும் சிலர் சேர்ந்து தமிழில் ஒரு சஞ்சிகை கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கிறோம். தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் என்று பால்புதுமையினர் எல்லோருக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களுக்கும் உரிய காலாண்டிதழ் இது. செய்தி வெளியே போன நாளிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் பதில்களை இங்கே தருகிறோம். எழுதுபவர் பொறுப்பாசிரியர். எங்காவது கோபம் தெரிந்தால் அது அவருடையது, குழுவினுடையது அல்ல.

வாழ்வியல் சஞ்சிகை என்றால் சமையலும் அழகுக் குறிப்பும்தானா?

சமையலும் உண்டு, உடையும் உண்டு. ஒற்றை ஆளாக அனெக்ஸில் இருப்பவர் ஓர் அடுப்பில் இரவுச் சாப்பாட்டை எப்படி ஒப்பேற்றுவது என்பது முதல் இதழுக்கு வந்த கட்டுரைகளில் ஒன்று. திருநம்பி (திருநர் ஆண்) ஒருவர் தையற்கடைக்குப் போய்ச் சட்டைக்கு அளவு கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும், எந்த நேரத்தில் போனால் கடையில் கூட்டம் இருக்காது என்பது இன்னொன்று.

எனக்குப் பிடித்தது மரண சாசனம் பற்றிய கட்டுரை. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து வாழ்வதை இலங்கைச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை. அதனால் ஒருவர் சாசனம் எழுதாமல் கண்ணை மூடினால் சொத்து இரத்த உறவுகளுக்குப் போய்விடும். இருபது வருடம் கூட இருந்து மருந்து எடுத்துக் கொடுத்தவருக்கு அந்த வீட்டில் தங்கும் உரிமைகூட இருக்காது. எழுதி வைத்தாலோ தன் பங்கை விரும்பியவருக்குக் கொடுக்கலாம். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். யாழ்ப்பாணத்து ஆதனமாக இருந்தால் அங்கத்தைய தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் குறுக்கே வரலாம் என்பதால் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்காமல் எழுத வேண்டாம். ஐந்து சாட்சிகளைத் தேடுவதென்றால் ஐந்து பேரிடம் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமே என்று அந்தக் கட்டுரையாளர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தையும் வெட்டாமல் போடுகிறோம். வாழ்வியல் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

உரிமையே கிடைக்காத நாட்டில் வாழ்வியல் எதற்கு? போராட்டப் பத்திரிகை அல்லவா வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் ‘தி அட்வகேட்’ 1967இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பொலிஸ் அடாவடிக்கு எதிராகக் கிளம்பிய ஒரு குழுவின் செய்திமடலாகத் தொடங்கியது. 1974இல் டேவிட் குட்ஸ்டீன் என்பவர் அதை வாங்கி, பயணம், உடை, கலை என்று வாழ்வியல் பக்கம் திருப்பினார். போராட்டக்காரர்கள் அவரைத் திட்டினார்கள். விளம்பரம் வந்தது, வாசகர் பெருகினர், திட்டும் தொடர்ந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வசதியுள்ள நகரத்து ஆண்களின் சஞ்சிகையாகச் சுருங்கிவிடும் ஆபத்து இந்த வகை இதழ்களுக்கு எப்போதும் உண்டு. கொள்ளுப்பிட்டி உணவகங்களின் பட்டியலாக எங்கள் இதழ் மாறினால் எழுதிக் கண்டியுங்கள்.

அதே நேரம், தமிழில் நம்மைப் பற்றி வருபவற்றில் பெரும்பகுதி துயரக் கதை, மருத்துவ விளக்கம், அல்லது ஆங்கில அறிக்கையொன்றின் மொழிபெயர்ப்பு. வாடகை, சம்பளம், கலியாண வீட்டில் ‘உனக்கு எப்போது’ என்று கேட்கும் பெரியம்மா, வயோதிபம், சைக்கிள், நாய்க்குட்டி எதுவும் இல்லாத ஆட்களாகவே அவற்றில் வருகிறோம். உரிமைச் செய்திகளுக்கும் இதழில் இடம் உண்டு. எல்லாப் பக்கங்களையும் அவற்றுக்கே கொடுக்க முடியாது.

இது சட்டவிரோதம் இல்லையா?

சஞ்சிகை நடத்துவது சட்டவிரோதம் அல்ல. மற்றதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு ‘இயற்கைக்கு மாறான’ பாலுறவையும், 365ஏ பிரிவு ‘பாரதூரமான ஒழுக்கக்கேட்டையும்’ தண்டிக்கின்றன. பிரித்தானியர் விட்டுப்போன சட்டம் என்று எல்லோரும் சொல்கிறோம். அது பாதி உண்மை. 365ஏ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்து நின்றது. 1995இல் நம்முடைய நாடாளுமன்றம்தான் அதைத் திருத்திப் பெண்களையும் உள்ளே இழுத்தது. திருநர் மீது ஆள்மாறாட்டப் பிரிவையும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தையும் பொலிஸார் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவுகள் செயலைத்தான் குற்றமாக்குகின்றன. ஒருவர் யார் என்பதையோ, அதைப் பற்றி எழுதுவதையோ அல்ல. எழுத்தைப் பொறுத்தவரை எங்களுக்குப் பொருந்துவது 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம். எங்கள் பக்கங்களில் நிர்வாணம் இருக்காது. இருக்கக்கூடாது என்பது என் ரசனை அல்ல, சட்டத்தரணியின் அறிவுரை. இணையத்தில் போடுவதற்கு 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

நிலைமை மெல்ல அசைகிறது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு மேன்முறையீட்டில் 365ஏ பிரிவின் கீழான தீர்ப்பை உறுதிசெய்தது. ஆனால், வயதுவந்தவர்கள் இணங்கிச் செய்வதில் அரசு தலையிடக்கூடாது என்ற இன்றைய சிந்தனையையும் அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டு, சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. 2022இல் ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாரபட்ச ஒழிப்புக் குழு, செயற்பாட்டாளர் ரொசானா ஃபிளேமர் கல்தேரா இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த முறைப்பாட்டில் இலங்கைக்கு எதிராக முடிவு சொன்னது. 2023 மே மாதம், இந்த இரு பிரிவுகளையும் திருத்த நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் அறிவித்தது. சட்டமூலம் நிறைவேறவில்லை. 2024இல் அந்த நாடாளுமன்றமே கலைந்துபோயிற்று.

இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா?

பலர். 1947இல் லொஸ் ஏஞ்சல்ஸ் திரைப்படக் கலையகமொன்றில் செயலாளராக இருந்த ஈடித் ஐடி என்ற பெண், அலுவலகத் தட்டச்சில் கார்பன் தாள் வைத்து ‘வைஸ் வெர்சா’ என்ற இதழை அடித்தார். ஒவ்வோர் இதழிலும் ஒரு டசின் பிரதிகள் வரை. மொத்தம் ஒன்பது இதழ்கள். படித்தவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விநியோக முறை. 1953இல் தொடங்கிய ‘வன்’ சஞ்சிகையைத் தபாலில் எடுத்துச்செல்ல அஞ்சல் துறை மறுத்தபோது, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1958இல் சஞ்சிகை வென்றது. இந்தியாவில் அசோக் ராவ் கவி 1990இல் ‘பொம்பே தோஸ்த்’ இதழைத் தொடங்கினார். 2002இல் நின்று, 2009இல் மறுபடியும் வந்தது. பணமும் ஆளும் தீர்ந்து நிற்பதும், பிறகு எழுவதும் இந்தத் துறையின் வழக்கம் என்பதால் இடைவெளி விழுந்தால் நாங்கள் வெட்கப்படப் போவதில்லை.

பங்களாதேஷின் ‘ரூப்பான்’ பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2014இல் டாக்காவில் தொடங்கிய அந்தச் சஞ்சிகையின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஜுல்ஹாஸ் மன்னானும், அவருடைய நண்பர் மஹ்பூப் ரப்பி தொனோயும் 2016 ஏப்ரல் 25 அன்று, பார்சல் கொண்டுவந்தவர்கள் போல் நடித்து வீட்டுக்குள் நுழைந்தவர்களால் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எங்கள் இதழில் முகவரி ஏன் இல்லை, ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியல் ஏன் இல்லை, சந்திக்க நேரில் வரலாமா என்றால் ஏன் தேநீர்க் கடைக்கு அழைக்கிறோம் என்று கேட்பவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இலங்கையிலும் அமைப்புகளின் வெளியீடுகள் வந்திருக்கின்றன. ‘கம்பேனியன்ஸ் ஒன் எ ஜர்னி’ 1995இல் தொடங்கியது, ‘ஈக்குவல் கிரவுண்ட்’ 2004இல். பால்புதுமையினரின் பெருமித விழாவான பிரைட் கொழும்பில் 2005 முதல் நடக்கிறது. நாங்கள் முதல் ஆட்கள் என்று மார்தட்டிக்கொள்ள மாட்டோம்.

இருக்கும் பத்திரிகைகளிலேயே எழுதினால் என்ன?

எழுதுகிறோம். வீரகேசரியோ தினக்குரலோ நம் கட்டுரையைப் போட்டால் அங்கே கிடைக்கும் வாசகர் எண்ணிக்கை நமக்குக் கனவிலும் வராது. ஆனால் சொந்தப் பக்கம் இல்லாதவர் முறைப்பாடு செய்யப் போனால் என்ன ஆகலாம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1999இல் பெண் தன்பாலீர்ப்பாளர் மாநாடு ஒன்று நடக்கவிருந்தபோது, தண்டனை பெற்ற பாலியல் வல்லுறவுக் குற்றவாளிகளை அந்தப் பெண்கள்மீது ஏவிவிட வேண்டும் என்று எழுதிய வாசகர் கடிதத்தை ஓர் ஆங்கில நாளிதழ் வெளியிட்டது. கடிதத்தை எதிர்த்துச் செயற்பாட்டாளர் ஷேர்மன் டி ரோஸ் பத்திரிகைச் சபைக்குப் போனார். 2000இல் சபை முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்து, பணம் கட்டும்படி முறைப்பாட்டாளருக்கே உத்தரவிட்டது.

அட்டை ஏன் இவ்வளவு சாதாரணமாக இருக்கிறது? வானவில்லே இல்லையே?

வானவில் பால்புதுமையினரின் அடையாளம் ஆயிற்றே, மாதிரிப் பிரதியைப் பார்த்த பாதிப் பேர் இதைத்தான் கேட்டார்கள். சஞ்சிகையின் ஒவ்வொரு முடிவையும் நாங்கள் ஒரே கேள்வியை வைத்து எடுத்தோம்: வாசகர் இதை வீட்டில் எங்கே வைப்பார்?

கொழும்பில் தமிழ் பேசும் இளைஞர் ஒருவர் தனி அறையில் இருப்பது அபூர்வம். தொடர்மாடி வீட்டில் தம்பியோடு ஒரே அறை, அலுமாரிக்கு ஒரே சாவி, ஞாயிற்றுக்கிழமை அம்மா மெத்தையைத் தட்டுவார். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்பவருக்கு ஒரு பையும் ஒரு பாயும்தான் இடம். பெரிய அளவில், பளபளப்புத் தாளில், அட்டையில் இரண்டு ஆண்கள் கைகோத்து நிற்கும் இதழை அவர் வாங்கவே முடியாது. ஆகவே ஏ5 அளவு, பயிற்சிக் கொப்பி போன்ற தோற்றம். அட்டையில் ஒரு பொருளின் படம்: குடை, சுண்டல் பொட்டலம், மரைன் டிரைவில் காயும் சட்டை. தலைப்பு எழுத்து சிறியது. உள்ளே திறந்தால் வண்ணம் கொட்டிக் கிடக்கும்.

இது ஒளிந்துகொள்வது என்று குழுவுக்குள்ளேயே சண்டை வந்தது. 2022 ஜூனில் காலிமுகத்திடலில் அரகலய என்ற மக்கள் போராட்டம் நடந்தபோது வானவில் கொடிகளோடு பகிரங்கமாக ஊர்வலம் போனவர்கள் எங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அட்டை கோழைத்தனமாகத் தெரிகிறது. சண்டை தீரவில்லை. இணையப் பதிப்புக்கு அவர்கள் தெரிவு செய்யும் அட்டை, அச்சுக்கு இது என்று பிரித்துக்கொண்டோம்.

அப்படியானால் அச்சு எதற்கு? பிடிஎஃப் போதாதா?

தொலைபேசியைத் தங்கை எடுத்துப் பார்ப்பாள், கடவுச்சொல் தெரியும். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கலாம், படித்துவிட்டு பஸ் ஆசனத்தில் விட்டுவிடலாம், வேறு யாராவது எடுப்பார். மாறாக, வீட்டுக்குத் தாள் கொண்டுபோகவே முடியாதவருக்கு பிடிஎஃப்தான் வழி. ஆகவே இரண்டும் உண்டு. பிடிஎஃப் கோப்பின் பெயரில் சஞ்சிகையின் பெயர் இருக்காது.

செலவு வேறு கதை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் பெரிய நாளிதழ்களே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின, மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. தாள் முழுவதும் இறக்குமதியை நம்பியிருப்பதால் டொலர் ஏறினால் எங்கள் பக்க எண்ணிக்கை இறங்கும். 48 பக்கங்கள் என்று வைத்திருக்கிறோம். நடுவில் கம்பிப்பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஒப்செட்டில் 16 பக்கங்களாக அடிக்கும்போது 48 சிக்கனம். மூன்று பக்கங்களை மிச்சம் பிடிக்க ஒரு நல்ல சிறுகதையை வெட்டச் சொன்னார் அச்சகக்காரர். வெட்டவில்லை, எழுத்தளவைக் குறைத்தோம். கண்ணாடி போடுபவர்கள் மன்னிக்க வேண்டும்.

அச்சகக்காரர்கள் சம்மதிக்கிறார்களா?

ஒருவர் உள்ளடக்கத்தைப் பார்த்ததும் இயந்திரம் பழுது என்றார். இன்னொருவர் ஆடிவேல் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தாமலேயே நான்கு பக்கங்களைப் புரட்டிவிட்டு, ‘முற்பணம் பாதி, பிழை திருத்தம் உங்கள் பொறுப்பு’ என்று மட்டும் சொன்னார். அவர்தான் அச்சிடுகிறார். அச்சிடும் வெளியீடுகளின் பிரதிகளை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது 1885ஆம் ஆண்டிலிருந்து சட்டம், இன்று அவை தேசிய சுவடிகள் கூடத்துக்குப் போகின்றன என்பதால், அரசாங்கத்தின் அலமாரியிலும் நாங்கள் இருப்போம்.

படங்களில் இருப்பவர்கள் உண்மையான ஆட்களா?

ஆம். ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சம்மதம் கேட்கிறோம். படம் எடுக்கும் நாளில் ஒரு தடவை, அச்சுக்குப் போகும் முன் பக்கத்தையே காட்டி இன்னொரு தடவை. இடையில் வீட்டில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்னணியும் முக்கியம். முகத்தை மறைத்துவிட்டு, பின்னால் தெரியும் கடைப் பலகையை விட்டுவிட்டால் பயனில்லை. ஒரு படத்தில் யன்னல் கம்பியின் வடிவத்தை வைத்தே எந்தத் தொடர்மாடி என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தப் படம் போகவில்லை. கோப்புக்குள் பதிந்திருக்கும் இடம், நேரம் பற்றிய விவரங்களையும் அழித்த பிறகே வடிவமைப்பாளரிடம் கொடுக்கிறோம்.

பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரம் எடுப்பீர்களா?

இப்போதைக்குக் கைப்பணமும், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சில நண்பர்களின் உதவியும். மேலை நாட்டு இதழ்களுக்கு 1980களின் தொடக்கத்திலேயே வொட்கா நிறுவனங்களின் விளம்பரம் கைகொடுத்தது. இங்கே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி மது விளம்பரத்துக்கே தடை. நிறம் வெளுக்கும் கிரீம் விளம்பரம் கேட்டு வந்தது, மறுத்துவிட்டோம். ஒரு தையற்கடை, ஒரு கேக் செய்பவர், கணக்காய்வாளர் ஒருவர் என்று மூன்று விளம்பரங்கள் உறுதி. சந்தாதாரர் பட்டியல் வைக்கப் போவதில்லை. பட்டியல் இருந்தால் அது ஒருநாள் யாருடைய கையிலாவது போகும்.

சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வருமா?

வராது. அந்த மொழிகளில் எழுத ஆட்கள் இருக்கிறார்கள்.

ஏன் கொழும்பு? யாழ்ப்பாணம் ஏன் இல்லை?

நாங்கள் இங்கே இருப்பதால்தான். யாழ்ப்பாணத்தில் அண்மைய வருடங்களில் பிரைட் நடைபவனிகள் நடந்திருக்கின்றன. அங்கே நடப்பதற்குக் கொழும்பு தலைமை தாங்க வேண்டியதில்லை. மட்டக்களப்பு, ஹட்டன், புத்தளம் எங்கிருந்தும் எழுதலாம். தமிழ் பேசும் முஸ்லிம் வாசகர்கள் ‘இது எங்களுக்கும்தானா’ என்று கேட்கிறார்கள். உங்களுக்கும்தான். சமயம் சரியா பிழையா என்ற விவாதத்துக்கு மட்டும் பக்கம் ஒதுக்க மாட்டோம். நோன்புக் கஞ்சிக்கும் தைப்பொங்கலுக்கும் நத்தார் கேக்குக்கும் ஒதுக்குவோம்.

உடல்நலம், மனநலம் பற்றி எழுதுவீர்களா?

ஒவ்வோர் இதழிலும் ஒரு மருத்துவரின் பக்கம் உண்டு. இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காக இப்போதே சொல்லி விடுகிறோம். எச்.ஐ.வி., பாலியல் தொற்றுகளுக்கான பரிசோதனை கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய நிலையத்தில் இலவசம், விவரங்கள் இரகசியமாக வைக்கப்படும். மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைக்கலாம். திருநர் தம் பிறப்புச் சான்றிதழில் பால்நிலையை மாற்ற உதவும் பால்நிலை ஏற்புச் சான்றிதழ் 2016ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைக்குப் பிறகு கிடைக்கிறது. அதை எடுத்தவர் ஒருவர் அலுவலக வரிசைகளில் எந்தக் கடிதத்தை எங்கே காட்ட வேண்டும் என்று படிப்படியாக எழுதித் தந்திருக்கிறார்.

நான் எழுத விரும்புகிறேன். எப்படி அனுப்புவது?

ஆயிரம் சொற்களுக்குள், புனைபெயரோடு. உங்கள் உண்மைப் பெயரை எங்களுக்கும் சொல்ல வேண்டாம். ஒரே வேண்டுகோள்: யூனிகோடில் அனுப்புங்கள். இலங்கையில் தட்டச்சுப் பழகிய பலர் இன்னும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தது எங்கள் திரையில் நான்கைந்து ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் அடிபடும். யூனிகோடில் வந்தாலும் வடிவமைப்பு மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்ற மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘பெண்’ என்ற தலைப்பு அப்படி ஊனமாகி வந்த புரூஃபைப் பார்த்து வடிவமைப்பாளர் அன்று சாப்பிடவில்லை.

சொற்களில் கட்டாயம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் கேட்டுக்கொண்டதை அடுத்து தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது, அது மேசையில் இருக்கிறது. இழிசொல்லை மட்டும் திருத்துவோம். உங்களை நீங்களே அப்படி அழைத்துக்கொண்டால் அதையும் தொடமாட்டோம்.

முதல் இதழ் எப்போது, எங்கே கிடைக்கும்?

வெள்ளவத்தையில் இரண்டு கடைகள் மேசைக்குக் கீழே வைத்துக் கேட்பவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கின்றன. எந்தக் கடைகள் என்று இங்கே எழுத முடியாது, மின்னஞ்சலில் கேளுங்கள். தபாலில் வேண்டுமென்றால் அனுப்புநர் பெயர் இல்லாத பழுப்பு உறையில் வரும். வேலைத்தல முகவரி கொடுப்பது நல்லது, ஆனால் உறையைத் திறந்து பார்க்கும் முகாமையாளர் உங்களுக்கு இருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். திகதி, தாள் விலையைப் பொறுத்தது. தைக்குள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். மாசியாகவும் ஆகலாம்.